எலும்பைச் சிவக்க வைத்த சாயம்

1736ஆம் ஆண்டு. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்சியர், துணிக்குச் சாயம் அச்சிடும் தொழில் நடத்திய ஒருவர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தார். பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியில் சதை வழக்கம்போல்தான் இருந்தது. எலும்பு மட்டும் சிவந்திருந்தது. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. மேடர் என்ற செடியின் வேர்ச் சாயத்தில் தோய்த்த துணியைத் தவிட்டு நீரில் கொதிக்க வைத்து மிச்சச் சாயத்தை இறக்குவது பட்டறை வழக்கம். அந்தத் தவிடு பன்றிகளுக்குத் தீவனமாகிவிடும். பெல்சியர் ஒரு சேவலுக்கு மேடர் வேரைத் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தார். அதன் எலும்பும் சிவந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய குறிப்பு வெளிவந்தது.

மேடர் வேர் எலும்பைச் சிவக்க வைக்கும் என்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் ஆந்துவான் மிசோ எழுதியிருந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை. பெல்சியர் காலத்தில் நிலைமை வேறு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத்துணிகளின் மோகத்தில்தான் லண்டனில் அச்சுப் பட்டறைகளே முளைத்திருந்தன. உள்ளூர் நெசவைக் காக்க 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடைச் சட்டம் போடும் அளவுக்கு அந்த மோகம் வளர்ந்திருந்தது. நம் கரையில் சிவப்புக்குச் சாயவேரைப் பயன்படுத்தினார்கள். இம்புறல் என்று சித்த மருத்துவம் அறிந்த செடியின் வேர் அது; யாழ்ப்பாணம், மன்னார் மணலிலும் அதைத் தோண்டி எடுத்தார்கள். ஐரோப்பாவில் அதன் இடத்தில் நம் மஞ்சிட்டியின் உறவான மேடர். இரண்டு வேரிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே நிறமி. கால்சியத்தைக் கண்டால் அது பற்றிக்கொள்ளும். எலும்பில் புதிதாகக் கால்சியம் படியும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிடும்.

எலும்பியலுக்கு அதுவரை இல்லாத ஒன்று இதனால் கிடைத்தது: காலம். முந்தைய ஆய்வாளர்கள் எண்ணினார்கள், வரைந்தார்கள். சுசுருத சம்ஹிதை பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து 300 எலும்புகள் என்று கணக்குச் சொன்னது. உடற்கூறியலாளர் வெசாலியஸ் 1543இல் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் பிழைகளைத் திருத்தினார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டல்ல, ஒரே எலும்பு என்றார். லேவன்ஹூக் நுண்ணோக்கி வழியாக எலும்பில் நுண்குழல்களைக் கண்டார். கிளாப்டன் ஹேவர்ஸ் 1691இல் அவற்றை விரிவாக விவரித்தார்; இன்றும் அவை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் ஓடுவது மஜ்ஜையின் எண்ணெய் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நுண்ணோக்கிக்கு அடியில் வந்ததெல்லாம் செத்த எலும்பு. அதில் நேற்று எது, இன்று எது என்று எப்படிப் பிரிப்பது?

பெல்சியரின் குறிப்பைப் படித்துச் சரியான கேள்வியைக் கேட்டவர் மருத்துவரே அல்லர். பாரிசைச் சேர்ந்த ஹென்றி லூயி துஹாமெல் து மொன்சோ தாவரவியலாளர், மரங்களோடு வாழ்ந்தவர். 1739 முதல் சில ஆண்டுகள் அவர் விலங்குகளுக்கு மேடரைச் சில வாரம் கொடுத்தார், சில வாரம் நிறுத்தினார், மறுபடி கொடுத்தார். குறுக்கே வெட்டிய எலும்பில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையங்களாகத் தெரிந்தன. மரத்தண்டில் பட்டைக்கு உட்புறம் ஆண்டு வளையம் சேர்வதுபோல், எலும்பைப் போர்த்தியிருக்கும் எலும்புறைக்கு அடியில் அடுக்கடுக்காக எலும்பு சேர்கிறது என்று அவர் முடிவு செய்தார். இன்னொரு சோதனையில் வளரும் எலும்பைச் சுற்றி வெள்ளிக் கம்பியைக் கட்டினார். பின்னர் அறுத்துப் பார்த்தால் கம்பி எலும்புக்கு உள்ளே, மஜ்ஜைக் குழியில் கிடந்தது.

இதைக் கோட்டிங்கனின் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் ஏற்கவில்லை. எலும்பைப் படைப்பது உறை அல்ல, இரத்தக் குழாய்களே என்று வாதிட்டார். சண்டை நீண்டது. யோசித்தால் இருவருமே சேர்ப்பதைப் பற்றித்தான் பேசினார்கள். கழிப்பதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கணக்கின் மறுபக்கத்தை எழுதியவர் லண்டனின் ஜான் ஹண்டர். எலும்பு வெளியே கூடும்போதே உள்ளே கரைக்கப்படுகிறது, அதனால்தான் வளர்ந்த பின்னும் அதன் வடிவம் கெடுவதில்லை என்றார். பன்றியின் கால் எலும்பில் ஈயக் குண்டுகளைப் பதித்து, எலும்பு நீண்ட பிறகும் அவற்றின் இடைவெளி மாறவில்லை என்று காட்டினார். ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் கோழிக்குஞ்சின் காலில் துளையிட்டுக் கண்டதும் இதுவே: எலும்பு முனைகளில்தான் நீள்கிறது.

யார் சேர்க்கிறார், யார் கரைக்கிறார் என்பதற்கு விடை தேட, உடல் திசுக்களால் ஆனது என்ற பார்வை முதலில் வரவேண்டியிருந்தது. 1801இல் சேவியே பிஷா உடலை 21 திசுக்களாகப் பிரித்தார். எலும்பு, மஜ்ஜை, குருத்தெலும்பு, நார்க் குருத்தெலும்பு எல்லாம் அதில் தனித்தனி. நுண்ணோக்கியை நம்பாமல், வெட்டியும் வேகவைத்தும் ஊறவைத்தும் அவர் செய்த வேலை இது. மறு ஆண்டே 30 வயதில் இறந்தார். அடுத்த தாவலும் ஒரு விருந்தில்தான் நிகழ்ந்தது (எலும்பியல் வரலாறு சாப்பாட்டு மேசைக்குக் கொஞ்சம் கடன்பட்டது). தாவர செல்லின் உட்கருவைப் பற்றித் தாவரவியலாளர் ஷ்லைடன் பேசிக்கொண்டிருந்தபோது, முதுகுநாணில் தாம் கண்டதும் அதுவே என்று தியோடர் ஷ்வானுக்குப் பொறி தட்டியது. 1839இல் அவர் செல் கோட்பாட்டை விலங்குகளுக்கு விரித்தபோது முதுகுநாணும் குருத்தெலும்புமே முதல் சான்றுகள். எலும்பைக் கட்டும் செல்லுக்கு 1864இல் கேகன்பவர் ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயரிட்டார். பல உட்கருக்கள் கொண்ட, எலும்பைக் கரைக்கும் செல்லை 1873இல் கோலிக்கர் ஆஸ்டியோகிளாஸ்ட் என்றார்.

கட்டுபவரும் இடிப்பவரும் ஒரே குடும்பம் என்ற எண்ணம் அதன் பிறகு நூறாண்டு அசையாமல் இருந்தது. 1970களில் பால்டிமோரில் டொனால்டு வாக்கர் அதை உடைத்தார். எலும்பு கரையாமல் இறுகிப்போகும் மரபு நோய் கொண்ட எலியின் இரத்த ஓட்டத்தை நலமான எலியோடு இணைத்தார். நோயுற்ற எலும்பு சீரடைந்தது. இடிக்கும் செல் இரத்த வழியாக வருகிறது என்று பொருள். 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் இதே நோயுள்ள 5 மாதப் பெண் குழந்தைக்கு அண்ணனின் மஜ்ஜையைச் செலுத்திய முடிவை வெளியிட்டார்கள். பின்னர் எடுத்த எலும்பில் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஆண் குரோமோசோமைக் காட்டின. ஆஸ்டியோபிளாஸ்ட்கள் குழந்தையுடையவையாகவே இருந்தன. எலும்புத் தேய்மானத்துக்கு இன்று தரப்படும் பல மருந்துகள் இடிக்கும் செல்லையே குறிவைக்கின்றன.

மேடர் முறை மட்டும் சாகவில்லை. வேறு பொருளில் திரும்பி வந்தது. டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி புது எலும்பில் படிந்து புறஊதா ஒளியில் மஞ்சளாக ஒளிர்வதை 1957இல் கண்டார்கள். ஹெரால்டு ஃப்ராஸ்ட் அதை அளவுகோலாக்கினார். சில நாள் இடைவெளியில் இரு முறை மருந்தைக் கொடுத்து, இடுப்பெலும்பில் சிறு துண்டு எடுத்தால் இரண்டு கோடுகள் தெரியும். இடைப்பட்ட தூரமே அந்நாட்களில் கட்டிய எலும்பு. நாளொன்றுக்கு ஒரு மைக்ரோமீட்டர்கூட இராது. ஆனாலும் வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு புதுப்பிக்கப்படுகிறது. சூடானின் நூபியாவில் கி.பி. 350ஐ ஒட்டிப் புதைக்கப்பட்டவர்களின் எலும்பிலும் அதே மஞ்சள் ஒளிர்வு இருப்பதை 1980இல் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. 2010இல் வேதியியல் சோதனை அதை உறுதிசெய்தது. தானியத்தில் வளர்ந்த நுண்ணுயிர் பீர் வழியாக உடலுக்குள் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

குருத்தெலும்பின் கதை வேறு. ஜான் ஹண்டரின் அண்ணன் வில்லியம் 1743இலேயே, அழிந்த மூட்டுக் குருத்தெலும்பு மீளாது என்று எழுதிவிட்டார். அதில் இரத்தக் குழாயே இல்லை. அது மீளாது என்பதைத் துல்லியமாக அளந்த குறி, யாரும் திட்டமிட்டுக் கொடுக்காதது: 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் பெருக்கிய கார்பன்-14. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் குதிகால் தசைநாணின் உட்பகுதியையும், 2016இல் முழங்கால் குருத்தெலும்பையும் இம்முறையில் சோதித்தார்கள். தசைநாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. முழங்காலின் கொலாஜனும் இளமையில் அமைந்ததே. மூட்டுத் தேய்மானம் வந்த முழங்காலிலும் அது புதுப்பிக்கப்பட்டதற்கான தடயம் இல்லை. ஸ்வீடனின் கோதென்பர்க்கில் 1987 முதல், நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கிப் பள்ளத்தில் வைக்கும் சிகிச்சை நடைமுறையில் இருக்கிறது. பள்ளம் நிரம்புகிறது, ஆனால் பலருக்கு அங்கே வளர்வது பழைய வழுவழுப்பான குருத்தெலும்பு அல்ல, நார் மிகுந்த மாற்றுத் திசு.