மணமுறிவும் உடைமையும்: எலுவன்குள வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவை அண்டி, வில்பத்துக் காட்டின் விளிம்பில் அமைந்த ஊர் எலுவன்குளம். இவ்வட்டாரக் குடும்பச் சட்டத்தின் வரலாற்றைப் பிரித்தானியர் நீதிமன்றத்திலிருந்து தொடங்குதல் பொருந்தாது. முக்குவத் தலைவர் பதினெண்மர் கூடி வழக்குத் தீர்த்த புத்தளத்து முத்திரக்கூடத்தைச் சைமன் காசிச்செட்டி 1834 இல் வெளியான தமது நூலிலே குறித்துள்ளார்.

1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கண்டியரையும் முஸ்லிம்களையும் தேசவழமைக்குட்பட்ட தமிழரையும் புறநீங்கலாக்கியது; முக்குவரை அவ்வாறு விலக்கவில்லை. அதனால் தாய்வழி மரபுரிமையைப் பேணிய முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. தம்பதியரின் கூட்டுடைமையும் அச்சட்டத்தால் நீங்கிற்று. இதன் விளைவு யாது? உறுதி எவர் பெயரிலோ, உடைமை அவர்க்கே. மனைவியின் வீட்டுழைப்புக்குத் தானாக வரும் பங்கு எதுவுமில்லை. 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை உடைமை ஒதுக்கீட்டை நீதிபதியின் தற்றுணிபுக்கு விட்டது.

பிள்ளைகளின் கட்டுக்காப்பில் உரோம-டச்சுச் சட்டம் தந்தைக்கே முதலுரிமை தந்தது. பிள்ளையின் உயிர், உடல்நலம், ஒழுக்கம் ஆகியவற்றுக்கு ஆபத்திருந்தாலன்றி அவ்வுரிமை தளராது என்பதே 1956 இல் இவால்டி வழக்கின் நிலைப்பாடு. சிறுவர் உரிமை உடன்படிக்கையை 1991 இல் இலங்கை ஏற்றபின் பிள்ளையின் நலன் மேலும் வலுப்பெற்றது.

1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மகரையும் கைக்கூலியையும் தாபரிப்பையும் காதியாரிடம் ஒப்படைத்தது. கட்டுக்காப்போ பொது நீதிமன்றத்துக்குரியதாயிற்று. ஒரே மணமுறிவுக்காக ஒரு தாய் இரு வாயில்களில் நிற்க நேர்ந்தது. பெண்ணின் உழைப்பை உடைமையாகக் கணக்கிடாத சட்டம், எச்சமயத்தார்க்காயினும், நீதியை முழுமையாக வழங்காது என்பதே நம் துணிபு.