சாலையோர மதுச் சோதனையும் குடிமை உரிமையும் - கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஓடும் வாகனத்தை நிறுத்தி, ஓட்டுநரின் மூச்சில் மது கலந்திருக்கிறதா என்று கருவி கொண்டு பார்ப்பது மூச்சுச் சோதனை எனப்படும். 'ஊதச் சொல்வது' என்பது மக்கள் வழக்கு. இச்சோதனையில் இரு முறைகள் உள்ளன. குடித்திருப்பதாகச் சந்தேகம் எழுந்த ஓட்டுநரை மட்டும் சோதிப்பது ஒன்று. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறவர் எவரையும் ஊதச் சொல்வது மற்றொன்று. உலகின் பல நாடுகள் இரண்டாவது முறைக்கு மாறிவிட்டன. இந்தியச் சட்டத்தின் வாசகம் இன்றும் முதல் முறையைத்தான் சொல்கிறது. இரவில் வரிசையாக நிறுத்தப்பட்டு ஊதிவிட்டுச் செல்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

தேனி மாவட்டத்தில் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தின் மேற்கு எல்லை முழுவதும் மலை. கேரளத்துக்கு ஏறும் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய மூன்று பாதைகளிலும் கொண்டை ஊசி வளைவுகளும் எல்லைச் சோதனைச் சாவடிகளும் உண்டு. கூடலூர், கம்பம், தேவாரம், போடி பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓட்டுநர் குடித்திருந்தால் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் உயிரும் ஒரு வளைவில் போகும். ஓட்டுநரின் உரிமத்தை நிறுத்திவைத்தாலோ ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். குடிமை உரிமை பற்றிய பேச்சு இந்த இரண்டையும் மறக்காமல் நடக்க வேண்டியது.

சட்டம் வந்த வழி

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அளவு எதுவும் சொல்லப்படவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருப்பதே குற்றம். அதை நிரூபிக்க மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வதே முக்கிய வழி. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நேர் எதிர்த் திசைக்குப் போனது. இரத்தத்தில் எவ்வளவு குறைவாக மது இருந்தாலும் குற்றம் என்றது அதன் 185ஆவது பிரிவு. 1994இல் வந்த திருத்தம்தான் இன்றுள்ள அளவைக் கொண்டுவந்தது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதாக மூச்சுக் கருவி காட்ட வேண்டும். முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் வரை இருந்த அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10,000 ரூபாயானது. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அதே திருத்தம் ஆய்வகச் சோதனையையும் சேர்த்துக்கொண்டது. இதற்கு முன்பே, 2015இல், உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு குடித்து ஓட்டுவோரின் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. வாடகை ஜீப் ஓட்டுபவருக்கு அபராதத்தைவிட இதுவே பெரிய தண்டனை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. விற்கும் அரசும் ஊதச் சொல்லும் அரசும் ஒன்றே. நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடக் கோரித் தமிழ்நாட்டில் வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 டிசம்பர் 15இல் வந்த தீர்ப்பு நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இத்தடை பொருந்தாது என்று அதே நீதிமன்றம் விளக்கியது. தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் நான்கும் நகராட்சிகள்; நான்கும் குமுளிச் சாலையில் உள்ள ஊர்கள்.

நியாயமான சந்தேகம்

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 203ஆவது பிரிவே சோதனைக்கான அதிகாரத்தைத் தருகிறது. சீருடையில் உள்ள காவலரோ, அதிகாரம் பெற்ற போக்குவரத்துத் துறை அலுவலரோ, ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் அவரை ஊதச் சொல்லலாம். காரணம் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

அப்படியானால் எல்லா வண்டிகளையும் நிறுத்துவது எப்படி? இதற்கு வேறு பிரிவு உள்ளது.  சீருடைக் காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது 130ஆவது பிரிவு. நிறுத்துவது ஆவணம் பார்க்க. பேசும்போது வாடை அடித்தால் சந்தேகம். சந்தேகம் வந்தால் கருவி. இந்த மூன்று படிகளும் வரிசையாக நடந்தால் சட்டத்துக்குள் நடந்தது. நடுப்படியைத் தாண்டி எடுத்த எடுப்பில் குழாயை வாயருகே நீட்டினால், 203ஆவது பிரிவின் வாசகத்தோடு அது பொருந்தாது.

வாடை மட்டும் போதுமா என்ற கேள்வி மதுவிலக்குக் காலத்திலேயே எழுந்தது. 1951இல் பம்பாயில் ஒரு ஜீப் மோதிச் சிலர் காயமடைந்தனர். ஓட்டியவர் பெஹ்ராம் குர்ஷெத் பெசிகாகா. அவர் அப்போது பொறுப்பு வகித்த பதவி வட்டாரப் போக்குவரத்து அலுவலர் என்பது வேடிக்கை. மூச்சில் மது வாடை இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது, நேர்கோட்டில் நடந்தார் என்று மருத்துவர் சொன்னார். மது கலந்த சத்து மருந்தைக் குடித்ததாக அவர் வாதாடினார். தடை செய்யப்பட்ட மதுவைத்தான் குடித்தார் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பே என்று கூறி உச்ச நீதிமன்றம் 1954இல் அவரை விடுவித்தது. 1971இல் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கிலும், வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் முடிவான சான்றல்ல என்று அந்நீதிமன்றம் கூறியது. கருவியின் அளவீடும் இரத்தப் பரிசோதனையும் ஓட்டுநருக்கு எதிரானவை மட்டுமல்ல என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன. ஒருவரின் மூக்கை நம்பி இன்னொருவர் சிறைக்குப் போகாமல் இருக்க அவையே காவல்.

ரேகை கேட்ட காலம்

அரசு ஒருவரின் உடலிலிருந்து அடையாளம் கேட்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது சுமத்தப்பட்டபோது, தனிமனிதர் செய்த குற்றம் எதுவும் தேவைப்படவில்லை. பிறப்பே போதுமானதாக இருந்தது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கிலும் கிழக்கே உசிலம்பட்டி வட்டாரத்திலும் இதை அனுபவித்த குடும்பங்கள் ஏராளம். ரேகை தர மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.

ரேகை தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகுமா என்று விடுதலைக்குப் பின் கேள்வி வந்தது. அரசியலமைப்பின் 20(3)ஆவது பிரிவு அத்தகைய கட்டாயத்தைத் தடுக்கிறது. 1961இல் கதி காலு ஒகத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு, ரேகை தருவது சாட்சி சொல்வதாகாது என்று தீர்ப்பளித்தது. மூச்சுக்கும் இரத்தத்துக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது.

இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது சரியல்ல. ரேகைச் சட்டம் ஒரு சமூகத்தைப் பொறுக்கி எடுத்தது. எல்லோரையும் ஊதச் சொல்லும் முறை யாரையும் பொறுக்குவதில்லை. உண்மையில் பொறுக்கி எடுக்கும் வாய்ப்பு இருப்பது 'சந்தேகம்' என்ற சொல்லில்தான். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வருபவரைவிட, அழுக்குச் சட்டையோடு பழைய மொபெட்டில் வரும் கூலித் தொழிலாளிமீது சந்தேகம் எளிதில் விழும். உரிமையைக் காக்க எழுதிய சொல்லே, எழுதிய நோக்கத்துக்கு மாறாக, ஏழையின்மேல் சாய முடியும். ஆனால் சட்டம் எழுதப்படாமல், நினைத்தபோது நினைத்தவரை ஊதச் சொல்வது இரண்டு முறைகளின் குறைகளையும் சேர்த்துக்கொள்வதாகும்.

வெளிநாடுகளில் இதை நாடாளுமன்றத்திலேயே தீர்த்துக்கொண்டார்கள். பிரிட்டனில் 1967இல் மூச்சுச் சோதனை வந்தபோது காரணம் தேவை என்ற நிபந்தனையோடு வந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1976இலும் நியூ சவுத் வேல்ஸ் 1982இலும் எவரையும் சோதிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தில் எழுதின. கனடா 2018 டிசம்பரில் அவ்வாறே செய்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலச் சோதனைச் சாவடிகளை 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. வழக்கு திரும்பிச் சென்றதும் மிச்சிகனின் சொந்த நீதிமன்றம் மாநில அரசியலமைப்பைக் காட்டி அவற்றைத் தடுத்துவிட்டது.

பிடிபட்டவருக்குள்ள பாதுகாப்பு

மாணவர்கள் அறிந்துவைக்க வேண்டிய பகுதி இது. குடித்து ஓட்டியதாக வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் முன் நிறுத்திப் பரிசோதிக்காவிட்டால் விடுவிக்க வேண்டும் (பிரிவு 202). மலைச் சாவடியில் இரவில் பிடிபட்டால் கீழே கம்பத்திலோ போடியிலோ உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் இந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். பெண்ணிடம் ஆண் மருத்துவர் இரத்தம் எடுப்பதானால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் (பிரிவு 204). தக்க காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பே எதிரான சான்றாகக் கொள்ளப்படலாம் (பிரிவு 205). எனவே 'ஊத மாட்டேன்' என்று நிற்பது பலர் நினைப்பதுபோல் தப்பிக்கும் வழி அல்ல.

கருவியும் தவறக்கூடியதே. குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டும். முன்னர் ஊதியவரின் மூச்சு கருவியில் தங்கியிருந்தாலும் அப்படியே. அதனால் ஒவ்வொருவரையும் சோதிக்குமுன் வெறுங்காற்றில் கருவி சுழியம் காட்ட வேண்டும். காட்டாத கருவியின் அளவீட்டை நம்ப முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் ஒரு வழக்கை ரத்துசெய்தது. குமுளிச் சாவடிக்கு அந்தப் பக்கம் அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு. இந்தப் பக்கம் பிடிபட்டவரின் வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டி வாதாட மட்டுமே முடியும்.