ஊவாத் தோட்டங்களில் குற்ற நீதியும் உளவியலும்

குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனநிலையைக் கணிப்பது, சாட்சியின் நினைவையும் பயத்தையும் எடைபோடுவது, பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் நோகாமல் விவரம் கேட்பது, தண்டனை முடித்தவரை ஊரோடு சேர்ப்பது ஆகியவை குற்ற நீதியில் உளவியலாளருக்குரிய வேலைகள். இலங்கையின் ஊவா மாகாணத்தில், குறிப்பாகப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில், இவற்றை நெடுங்காலமாக வேறு ஆட்களே பார்த்து வந்திருக்கிறார்கள்: அரசாங்க வைத்தியர், நீதவான், நன்னடத்தை உத்தியோகத்தர், நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் முதலியார். இத்துறையின் ஊவா வரலாற்றை இவர்களை வைத்தே எழுத வேண்டியிருக்கிறது.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டுத் தொழிலாளிக்கும் குற்றச் சட்டத்துக்கும் இருந்த உறவு மிகவும் நேரடியானது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவதே சிறைக்குரிய குற்றம். பயந்து ஓடினானா, நோயில் ஓடினானா, கங்காணியின் கடன் தாங்காமல் ஓடினானா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பெரிய இடம் இருக்கவில்லை. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. சட்டத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பழக்கம் தோட்டங்களில் இன்னும் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. பொலிஸில் வாய் திறக்காத சாட்சியை உடனே பொய்யர் என்று எழுதிவிடுபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மனநோயாளரைப் பற்றிய சட்டம் 1873இல் வந்தது. பத்து ஆண்டு கழித்து 1883இன் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன் 77ஆம் பிரிவு, செயலைச் செய்த நேரத்தில் சித்த சுவாதீனமின்மையால் அச்செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய முடியாதிருந்தவர் குற்றவாளி அல்லர் என்கிறது. இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1843இல் பிரதமர் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் டிரமண்டைச் சுட்டுக் கொன்ற டேனியல் மக்நாட்டன் விடுவிக்கப்பட்டதால் எழுந்த கொந்தளிப்பில் நீதிபதிகள் வகுத்த விதிகளே அந்த வேர். அவ்விதிகள் அறிவைப் பற்றி மட்டுமே கேட்கின்றன. தவறு என்று தெரிந்தும் தன்னைத் தடுக்க முடியாத மனநிலைக்கு அவற்றில் இடமில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அந்தச் சொற்களே நம் நீதிமன்றங்களில் நடைமுறையில் உள்ளன. உளவியல் அவற்றைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் எதிரி இல்லை என்று நீதவானுக்குத் தோன்றினால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி அவரை வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ அனுப்பப்படுகிறவர் பல வேளைகளில் போய்ச் சேரும் இடம் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை. 1926இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையே இன்றைய தேசிய மனநல நிறுவகம். மடுல்சீமைத் தோட்டமொன்றிலிருந்து அங்கே போய்ப் பார்த்துவிட்டு வர முழுதாக இரண்டு நாள் வேண்டும். கொழுந்து பறிக்கும் மனைவிக்கு அந்த நாட்களின் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும், பஸ் காசும் கையை விட்டுப் போகும். பார்க்க வருகிறவர்கள் குறையக் குறைய, குணமான பின்னும் வீட்டார் கூட்டிப்போக வராத நோயாளியாக அவர் மாறிவிடுகிறார். தண்டனை விதிக்கப்படாதவருக்குத் தண்டனையைவிட நீண்ட காவல் கிடைப்பது இந்தச் சட்டத்தின் பெரிய கொடுமை. வைத்தியமும் சட்டமும் மாகாணத்துக்குள்ளேயே அவரைக் கவனிக்க வழி செய்திருந்தால் இது குறைந்திருக்கும். மாவட்டங்கள்தோறும் மனநலச் சேவையைப் பரப்ப வேண்டுமென்று 2005ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை கூறியது.

இளையோர் விடயத்தில் ஊவாவுக்கென ஒரு நிறுவனம் உண்டு. பதுளை மாவட்டத்தின் தல்தெனையில் சிறைச்சாலைத் திணைக்களம் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையமொன்றை நடத்துகிறது. சிறுவரையும் இளைஞரையும் பற்றிய 1939இன் கட்டளைச் சட்டமும் 1944இன் நன்னடத்தைச் சட்டமும், தண்டிப்பதற்கு முன் ஆளைப் பற்றி விசாரி என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தன. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் எழுதும் அறிக்கையை இலங்கையின் முதல் உளவியல் அறிக்கை என்றே சொல்லலாம். ஒரு லயக் காம்பிராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள், அப்பா கசிப்புக் குடிக்கிறாரா, பையன் எந்த வகுப்போடு பள்ளியை விட்டான், அம்மா கொழும்பிலோ வெளிநாட்டிலோ வீட்டு வேலையில் இருக்கிறாளா என்று நான்கு கேள்வி நல்லபடியாகக் கேட்டால் பாதி வழக்கு விளங்கிவிடும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் நன்னடத்தைச் சேவை மாகாண சபையின் பொறுப்பாயிற்று.

தோட்டங்களை மிக ஆழமாகத் தொட்ட விடயம் தற்கொலை. தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. மருந்து குடித்துப் பிழைத்தவர் வார்டிலிருந்து வழக்குக்குப் போகக்கூடும் என்ற பயத்தில் குடும்பமே உண்மையை மறைக்கும்: "தெரியாம குடிச்சிட்டா, தண்ணி போத்தல்னு நெனச்சா." நாட்டின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. 1997இல் ஜனாதிபதி செயலணி அமைந்தது. 1998இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதும் வீதம் பெருமளவு சரிந்தது. குற்றச் சட்டம் ஒரு மனத் துயரத்திலிருந்து கையை எடுத்ததற்கு இந்த நாட்டின் மிகச் சிறந்த உதாரணம் இதுதான். ஆனாலும் தற்கொலைக்கு உடந்தையாக இருப்பது இன்றும் குற்றமே. அது சரியும்கூட.

கொலை வழக்குகளில் உளவியல் நுழையும் வாசல் ஆத்திரமூட்டல். பாரதூரமான திடீர் ஆத்திரமூட்டலால் தன்வசமிழந்து கொன்றவரின் குற்றம், கொலையிலிருந்து குற்றமுள்ள மனிதப் படுகொலையாகக் குறையும். "திடீர்" என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் முதலில் மிக இறுக்கமாகப் பொருள் கொண்டன. 1953இல் பிரிவி கவுன்சில், கொல்லும் எண்ணம் இருந்தாலும் இந்த விதிவிலக்கு பொருந்தலாம் என்றது. 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நாளாக நாளாகச் சேர்ந்துவந்த ஆத்திரத்தையும் கணக்கில் எடுக்க இடம் கொடுத்தது. பல வருடம் அடி வாங்கிய பெண்ணின் வழக்கில் இந்த வேறுபாடு உயிரைக் காக்கும். அவளுடைய மௌனத்தையும் பயத்தையும் நீதிமன்றத்துக்கு விளக்க உளவியலாளர் தேவை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விஞ்ஞானத்தில் தேர்ந்த எவரையும் நிபுணராக ஏற்கிறது. வைத்தியராகத்தான் இருக்க வேண்டுமென்று அது சொல்லவில்லை. அமெரிக்காவில் 1962இல் ஜென்கின்ஸ் வழக்கு இதைத் தெளிவாக்கிற்று. இங்கே வழக்கம் இன்னும் உளமருத்துவர் பக்கமே சாய்கிறது.

இனி மொழி. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர், அவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழர். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு உரிமை உண்டு. களவு வழக்கில் இது சமாளிக்கக்கூடிய குறை. மனநிலையே கேள்வியாகும் வழக்கிலோ அது பெரும் ஆபத்து. பசறைத் தோட்டத்துப் பெண் "நெஞ்சு அடைக்குது, கைகால் ஓடல, யாரோ கூப்புடுற மாதிரி இருக்கு" என்று சொல்வதை, முதலியார் கூட்டத்தின் நடுவே ஒரே மூச்சில் சிங்களத்தில் ஒப்பிக்கிறார். கடைசிச் சொற்கள் பதட்டமா, துக்கமா, இல்லாத குரல் கேட்கும் நோயா என்பதை எந்தப் பதிவும் காட்டாது. "சாமி வந்திருச்சு" என்பது கோயில் முற்றத்தில் மரியாதைக்குரிய நிகழ்வு. அதையே வார்டில் நோய்க்குறியாக எழுதிவிடலாம். தோட்டத்தை அறிந்த, தமிழில் கேட்டுத் தமிழில் பதிலை நிறுத்தி நிறுத்தி வாங்கும் உளவியலாளர் இல்லாத பரிசோதனையை முழுப் பரிசோதனை என்று ஏற்க முடியாது.

வாக்குமூலங்களிலும் இதே சிக்கல். பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் பொதுவாகச் செல்லாது. ஆனால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அது சுயமாகக் கொடுக்கப்படவில்லை என்று நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையில் ஏற்றியது. சிங்களம் அறியாத கிழக்குத் தமிழர் ஒருவரின் பெருவிரல் அடையாளம் பதிந்த ஒப்புதலை வைத்துத் தண்டித்ததை, சிங்கராசா வழக்கில் 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு நியாயமான விசாரணை உரிமையின் மீறல் என்றது. விசாரணையில் தூண்டும் கேள்விகளுக்கும் அழுத்தத்துக்கும் ஒருவர் எவ்வளவு இணங்கிவிடுகிறார் என்பதை அளக்கும் கருவியொன்றை ஐஸ்லாந்து உளவியலாளர் கிஸ்லி குட்ஜொன்சன் 1984இலேயே உருவாக்கியிருந்தார்.

சாட்சியின் நினைவும் பயமும் எப்படிச் சோதிக்கப்படும் என்பதை ஊவாவின் ஒரு வழக்கே காட்டும். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டனர். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடுகளுக்குப் பின் 2005க்குள் எல்லோரும் விடுதலையாயினர். நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்த வெறியில் முகம் காண்பதும் நினைவில் வைப்பதும் கடினம்; சாட்சியின் நினைவு எவ்வளவு எளிதில் தவறும் என்று உளவியலாளர் ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க் 1908இலேயே எழுதியிருந்தார். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னபோது சாட்சிகளைக் காக்கத் தனிச் சட்டம் இருக்கவில்லை. முதல் சட்டம் 2015இல் வந்தது, அதன் இடத்தைப் பிடித்த புதிய சட்டம் 2023இல்.

பிள்ளைகளுக்கான வழிகள் இதைவிட விரைந்து திறந்தன. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. 1999இன் சான்றுச் சட்டத் திருத்தம், பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சான்றாக்க இடமளித்தது. தன்னைத் துன்புறுத்தியவன் முன்னே நின்று மறுபடி மறுபடி கதை சொல்லும் வேதனையை அது குறைக்கும். 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் உளவளத்துணையையும் உளச்சிகிச்சையையும் கட்டளையிடலாம். தோட்டத்தில் சிகிச்சைக்கு யாரிடம் போவது என்ற கேள்விக்கு, பிரதேச செயலக உளவளத்துணையாளரையே முதலில் காட்ட வேண்டியிருக்கிறது. 2018இல் குற்றப் பொறுப்பு வயது 8இலிருந்து 12ஆக உயர்ந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குப் போதிய முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிக்கிறார்.