ஜாகுவார் ஈ-டைப், போர்ஷே 911 ஒப்பீடு

ஜாகுவார் ஈ-டைப், போர்ஷே 911 ஆகியன 1960களில் ஐரோப்பாவில் அறிமுகமான விரைவு மகிழுந்துகள் (ஸ்போர்ட்ஸ் கார்) ஆகும். முன்னது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலும் பின்னது செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரிலும் உருவாயின. பழைய மகிழுந்துகளைச் சேகரிப்போர் இவ்விரண்டையும் அடிக்கடி ஒப்பிடுவதுண்டு. பின்னாளில் நிறுவனங்களே திருத்திய குறைகளைக் கொண்ட தொடக்ககால வண்டிகளுக்கே சந்தையில் மதிப்பு அதிகம் என்பது இரண்டுக்கும் பொதுவான விந்தை.

ஈ-டைப்

இது 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளியிடப்பட்டது. இதன் உடலை வடிவமைத்த மால்கம் சேயர், முன்னர் பிரிஸ்டல் வானூர்தி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆறு உருளைகள் கொண்ட 3.8 லிட்டர் இயந்திரம் 265 குதிரைத்திறன் தருவதாக அறிவிக்கப்பட்டது. மணிக்கு 150 மைல் வேகம் என்பது விளம்பரம். இதழ்களின் சோதனைக்குத் தரப்பட்ட வண்டிகள் தனிக்கவனத்துடன் ஆயத்தம் செய்யப்பட்டவை, வழக்கமான வண்டிகள் அதை எட்டுவது அரிது.

முதல் வண்டிகளில் தரை தட்டையாக இருந்ததால் கால் நீட்ட இடம் போதவில்லை. முதல் கியரில் சின்க்ரோமெஷ் இல்லை. 1964இல் வந்த 4.2 லிட்டர் வகையில் இக்குறை நீங்கியது. ஓட்டுவதற்கு அதுவே சிறந்தது எனலாம்.

போர்ஷே 911

1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் இது காட்டப்பட்டது. நடுவில் சுழியம் வரும் மூவிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை எனப் பியூஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்ததால், 1964இல் பெயர் 911 ஆனது.

காற்றால் குளிர்விக்கப்படும் 1,991 கன செ.மீ. இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. வளைவில் ஓட்டுநர் திடீரென முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னோக்கி நகர்கிறது. பின் சக்கரங்களின் பிடிப்பு குறைந்து, கனமான பின்பகுதி ஊசல் போல வெளியே வீசப்படுகிறது. இதைத் தணிக்க முதலில் முன் பம்பருக்குள் இரும்பு எடைகள் வைக்கப்பட்டன (பொறியாளருக்குச் சற்றே கூச்சம் தரும் தீர்வு). 1969ஆம் ஆண்டு வகையில்தான் பின் சக்கரங்கள் 57 மி.மீ. பின்தள்ளப்பட்டன. ஆயினும் அதற்கு முந்தைய குறுகிய வண்டிகளையே சேகரிப்போர் தேடுகின்றனர்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

இரண்டிலும் இயந்திரத்தை விடத் துருவே பெரும் செலவு. ஈ-டைப்பின் முன்பகுதி, மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டகத்தை நடு உடலுடன் திருகாணியால் பிணைத்தது. குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிப்பதால் புதுவண்ணம் பூசிய வண்டியில் பழுது வெளியே தெரியாது. 911இன் உடல் முழுவதும் துத்தநாகப் பூச்சு பெற்றது 1976ஆம் ஆண்டு வகையிலிருந்துதான்.

அடுத்தது போலிகள். கூரையுள்ள ஈ-டைப்புகள் அறுக்கப்பட்டுத் திறந்த வண்டிகளாக மாற்றப்பட்டுள்ளன. சாதாரண 911கள், 1973ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் போல ஒப்பனை செய்யப்பட்டுள்ளன. எனவே அடிச்சட்ட எண், இயந்திர எண் இரண்டையும் தொழிற்சாலைப் பதிவுகளுடன் ஒப்பிடாமல் பணம் தருதல் கூடாது.

அவ்வெண்ணின் மதிப்புக்குப் போர்ஷே அருங்காட்சியகமே சான்று. 2014இல் அது வாங்கிய 57ஆம் எண் 901 வண்டி, முன் மட்காப்புகள் இன்றித் துருவேறிக் கிடந்தது. மூன்றாண்டுச் சீரமைப்புக்குப் பின் 2017 டிசம்பரில் அது காட்சிக்கு வந்தது.