பெட்டி வந்தது, உள்ளே என்ன ஓடியது?

சீசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியை நம்மில் பலர் முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அந்தப் பெரிய மஞ்சள் பறவையையும் சிவப்பு ரோமம் கொண்ட எல்மோவையும் ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில் என்று எதிலாவது பார்த்திருப்பீர்கள். 1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய நிகழ்ச்சி அது. இன்னும் நிற்கவில்லை. ஆனால் யார் காசில் ஓடுகிறது என்பது மட்டும் பத்து வருடத்துக்குள் பலமுறை மாறிவிட்டது. அதைப் படிக்கப் போனவன், தமிழில் இப்படி ஒன்று ஏன் அமையவே இல்லை என்ற கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் அவர்கள் கதை. கார்னகி அறக்கட்டளையில் வேலை பார்த்த லாயிட் மாரிசெட் என்பவரின் சின்ன மகள், விடிகாலையில் நிகழ்ச்சி எதுவும் தொடங்காத நேரத்தில், டிவியில் வரும் வெறும் கோட்டுப் படத்தையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை அவர் 1966ல் ஒரு விருந்தில் ஜோன் கான்ஸ் கூனி என்ற தயாரிப்பாளரிடம் சொன்னார். குழந்தைகள் எதை வேண்டுமானாலும் பார்ப்பார்கள் என்றால் எழுத்தையும் எண்ணையும் காட்டினால் என்ன? முக்கியமாக, பள்ளிக்குப் போகும் முன்பே பின்தங்கிவிடும் ஏழைக் குழந்தைகளுக்கு? இப்படித்தான் ஆரம்பித்தது. தொடக்கச் செலவு சுமார் 80 லட்சம் டாலர். பாதி அமெரிக்க அரசுப் பணம், மீதியில் பெரும்பங்கு கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளுடையது.

அந்தக் காலத்தில் சில ஊர்களில் இந்த நிகழ்ச்சி வரும் அலைவரிசை சரியாகக் கிடைக்காது. சுமார் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு எட்டவில்லை. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதையே பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைத்த ஊர்களையும் கிடைக்காத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். கிடைத்த ஊர்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் போனது தெரிந்தது. வசதி குறைந்த பகுதிகளில் பலன் இன்னும் அதிகம். மலையடிவாரத்தில் இருக்கும் மணிமுத்தாறுக்காரனுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒருத்தர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருத்தர் கீழே இருந்து "தெரியுது, தெரியுது... போச்சு" என்று கத்திய கதை வீட்டுக்கு வீடு உண்டு.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியா இந்த விஷயத்தில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. டெல்லியில் 1961லேயே பள்ளிகளுக்கான டிவி பாடம் தொடங்கிவிட்டது. அதற்கும் உதவியது ஃபோர்டு அறக்கட்டளைதான்! அடுத்து வந்தது சைட் என்ற செயற்கைக்கோள் சோதனை. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருடம், அமெரிக்காவின் நாசா கொடுத்த செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு என்றே தனி நிகழ்ச்சி. ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகா. நாம் இல்லை. பின்தங்கிய மாவட்டங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி தயாரானது, தமிழில் ஆகவில்லை. அதே ஆகஸ்டில் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது என்பது வேறு கதை. தென்கோடிக் கிராமத்துக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது.

1980களில் இன்சாட் வந்தபோதும் இதேதான். கல்வி நிகழ்ச்சி தயாரிக்கவென்றே ஆறு மாநிலங்களில் நிறுவனங்கள் அமைத்தார்கள். ஹைதராபாத்துக்குக் கிடைத்தது, புனேவுக்குக் கிடைத்தது. அந்த ஆறிலும் தமிழ்நாடு கிடையாது. முன்னேறிய மாநிலம் என்று பெயர் வாங்கியதற்குக் கொடுத்த விலையோ என்னவோ!

இனி 2006க்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முக்கியமான வருடம் இதுதான். அந்த ஆகஸ்டில் சீசமி ஸ்ட்ரீட்டின் இந்திய வடிவம் 'கலி கலி சிம் சிம்' தொடங்கியது. பள்ளிச் சீருடை போட்ட சம்கி என்ற ஐந்து வயதுப் பெண் பொம்மை, பூம்பா என்ற சிங்கம் எல்லாம் வந்தார்கள். பொம்மை நாயகி பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் பெண்ணாக இருந்தது தற்செயல் இல்லை, பெண் குழந்தைகளைப் படிக்க அனுப்ப வேண்டும் என்று திட்டமிட்டே வைத்தார்கள். ஆனால் நிகழ்ச்சி இந்தி.

அடுத்த மாதம், செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. சில வருடங்களில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. டிவி பார்க்கப் பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். இதைக் கேலி பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. பெட்டிக்கு அரசு இவ்வளவு செலவு செய்ததே, அதற்குள் ஓட ஒரு நல்ல குழந்தை நிகழ்ச்சிக்கு அதில் எத்தனை பங்கு ஆகியிருக்கும்? பெட்டியை ஒன்றரைக் கோடி தடவை வாங்க வேண்டும். நிகழ்ச்சியை ஒரு தடவை எடுத்தால் போதும். ஒரு குழந்தை பார்த்தாலும் ஒரு கோடிக் குழந்தைகள் பார்த்தாலும் செலவு ஒன்றுதான். எங்கள் பொருளாதாரப் பாடத்தில் பொதுப் பண்டம் என்று வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த இடத்தை 2007ல் சுட்டி டிவி பிடித்தது. டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசினார்கள். குள்ளநரியைப் பார்த்து நாங்கள் கத்திய கத்தில் அது நிஜமாகவே ஓடியிருக்க வேண்டும் :-) டோரா நல்ல நிகழ்ச்சிதான். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள், பதில் சொல்ல வைப்பாள். ஆனால் அவள் போகும் வழியில் ஆறும் பாலமும் மலையும் வரும்போதெல்லாம், அதெல்லாம் எங்கள் ஊரிலும்தானே இருக்கிறது, ஒரு தடவைகூட அணைக்கட்டுப் பக்கம் வரமாட்டேன் என்கிறாளே என்று தோன்றும். அதோடு, அது கேபிள் வழியாக வந்தது. மாதக் காசு கட்டாவிட்டால் டோரா கிடையாது. அரசு கேபிள் 2011ல் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தபோது பல வீடுகளுக்கு மூச்சு வந்தது.

ஒருவழியாக 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த வருடமே கொரோனா. பள்ளிகள் மூடியிருந்தபோது ஸ்மார்ட் போன் இல்லாத வீடுகளுக்கு அதுதான் வகுப்பறை. அந்த உதவி சாதாரணமானது இல்லை. ஆனால் அந்தப் பாடங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. ஆசிரியர் நிற்பார், பாடம் நடத்துவார். மூன்று வயதுக் குழந்தை அதன் முன்னால் எவ்வளவு நேரம் உட்காரும்? சீசமி ஸ்ட்ரீட் குறிவைத்தது அந்த மூன்று வயதைத்தான்.

இப்போது அந்த அசல் நிகழ்ச்சியின் நிலைமையைப் பாருங்கள். டிவிடி விற்பனை விழுந்ததும் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கணக்கு உதைத்தது. 2016 முதல் புதிய நிகழ்ச்சிகள் முதலில் எச்பிஓ என்ற கட்டணச் சேனலுக்கு. இலவசப் பொதுத் தொலைக்காட்சிக்கு ஒன்பது மாதம் கழித்து. ஏழைக் குழந்தைக்காகத் தொடங்கியதை ஏழைக் குழந்தை பழசாகிப் பார்க்க வேண்டிய நிலை. 2024 கடைசியில் எச்பிஓவின் தாய் நிறுவனமும் புதிய நிகழ்ச்சிகளுக்கு இனி வேண்டாம் என்றது. 2025 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டது. இந்த ஒப்பந்தத்தில் ஒரு நல்ல விஷயம், பொதுத் தொலைக்காட்சியிலும் அதே நாளில் வரும். ஆனால் அந்தப் பொதுத் தொலைக்காட்சிக்கான மத்திய நிதியையே 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் வெட்டிவிட்டது.

நமக்கு இழக்க அப்படி ஒன்று இருந்ததில்லை. ஆனால் வழி மட்டும் திறந்தே கிடக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணம் கிடையாது, அதில் டிடி தமிழ் வருகிறது. கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 54,000க்கும் அதிகமான அங்கன்வாடிகள் இருக்கின்றன. தினம் அரை மணி நேரம், அ முதல் ஃ வரை, ஒன்று முதல் பத்து வரை, நம் ஊர் வாயில் பேசும் ஒரு பொம்மை. எடுக்க என்ன செலவாகும் என்று யாராவது கணக்குப் போட்டால் சொல்லுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.