அறுவைச் சிகிச்சைக்குப் பின் கை கால் மரத்துப்போதல்

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த பிறகும் கையிலோ காலிலோ உணர்வு திரும்பாமலும் வலு இல்லாமலும் இருப்பது அறுவை சார்ந்த நரம்புச் சேதமாகும். மலேசியாவின் கூலாயில் நோயாளிகள் மலாய் மொழியில் ‘கெபாஸ்’ என்று மருத்துவரிடம் சொல்வதும் இந்த மரப்பைத்தான்.

பழி வழக்கமாக, மரத்துப்போகச் செய்ய முதுகில் போடும் ஊசியின் மேல் விழுகிறது. ஆனால் படுக்கவைத்த விதமே பல நேரம் காரணம். விழித்திருப்பவர் கை மரத்துப்போனால் புரண்டு படுப்பார். மயங்கிக் கிடப்பவரால் முடியாது. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிப்பதுபோல் ஓடுமே, அந்த நரம்புதான் அதிகம் அடிபடுவது. கையை 90 பாகைக்கு மேல் விரித்து வைத்தால் கழுத்திலிருந்து அக்குளுக்கு இறங்கும் நரம்புப் பின்னல் இழுபடும். கால்களைத் தூக்கி வைத்துச் செய்யும் அறுவையில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்க எலும்பு முண்டில் நரம்பு அழுந்தினால் பாதம் தொங்கிவிடும். நடக்கையில் பெருவிரல் தரையைத் தேய்க்கும். சிலிப்பர் கழன்று கழன்று விழும். பிரசவத்தில் குழந்தையின் தலை இடுப்பு நரம்பை அழுத்துவதாலும் கால் தளரலாம். அப்போதும் திட்டு வாங்குவது ஊசிதான்.

ஊசியால் நிரந்தரப் பாதிப்பு அரிது: 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி 1 லட்சம் பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்கு. அதன் மீதான அச்சத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1947 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டில் முதுகு ஊசி போட்டுக்கொண்ட இருவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மருந்துக் குப்பியின் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே கிருமிநாசினியான பீனால் புகுந்தது என்று நீதிமன்றம் ஏற்றது. கருவிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிய அமிலமே காரணம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினர்.

ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விலக வேண்டும். விலகாவிட்டாலோ, விலகியபின் இரு கால்களும் மீண்டும் தளர்ந்து முதுகுவலியும் சிறுநீர் அடைப்பும் வந்தாலோ, தண்டுவடத்தருகே இரத்தம் கட்டியிருக்கலாம். உடனே எம்ஆர்ஐ எடுத்து, 8 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால் கால் பிழைக்க வாய்ப்பு அதிகம். நரம்பறுவைப் பிரிவுள்ள சுல்தானா அமினா மருத்துவமனை கூலாயிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளி ஜொகூர் பாருவில் இருப்பதால், வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் இந்தக் கணக்கில் கழியும்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. ஏற்கெனவே நைந்த நரம்பு சிறு அழுத்தத்தையும் தாங்காது. பாதத்தில் முன்பே இருந்த மரப்பு அறுவைக்குப் பிறகுதான் கவனத்துக்கு வருவதும் உண்டு. அதனால் அறுவைக்கு முன்பே கைகால் உணர்வைச் சோதித்துக் குறித்துவைப்பது நல்லது.

குணமாகும் காலம் சேதத்தின் ஆழத்தைப் பொறுத்தது. நரம்பின் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் சரியாகும். உள்ளிழை அறுந்தால் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதமே வளரும், முழங்காலிலிருந்து பாதத்தை எட்ட ஓராண்டுகூட ஆகலாம். தசை மின்சோதனையில் சேதம் தெளிவாகத் தெரிய 2, 3 வாரம் பிடிக்கும். குணமாகும்வரை இயன்முறைப் பயிற்சி தொடரும்; பாதம் தொங்குபவர்கள் நெகிழித் தாங்கியைச் சப்பாத்துக்குள் போட்டு நடக்கலாம்.