தென்னார்க்காடு மாவட்டத் தேர்தல்களில் வேட்பாளர் ஆதரவு அரசியல்

தென்னார்க்காடு மாவட்டம் என்பது இன்றைய விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை உள்ளடக்கியிருந்த பழைய நிருவாகப் பகுதியாகும். திண்டிவனம், விழுப்புரம், வானூரை அடுத்த இரும்பை முதலிய ஊர்கள் இதில் அடங்கியிருந்தன. ஒரு கட்சியோ சங்கமோ தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவு தரும்போது, அந்த ஒரு இடத்தின் வெற்றி மட்டுமே அதன் நோக்கமாக இருப்பதில்லை. அடுத்த தேர்தலில் பேரம் பேசுவதற்கான வலிமையைக் காட்டுவதும் நோக்கமாகிறது. இதனை இம்மாவட்டத்தின் 1949 முதல் 1954 வரையிலான வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1949 மாவட்டக் கழகத் தேர்தல்

மாவட்டக் கழகம் (ஜில்லா போர்டு) சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றைக் கவனித்துவந்த உள்ளாட்சி அமைப்பாகும். அதன் உறுப்பினர் பதவி ஊரில் மதிப்பையும், ஒப்பந்தங்களிலும் நியமனங்களிலும் செல்வாக்கையும் தந்தது. விடுதலைக்குப் பின் காங்கிரசின் வேட்பாளராவதே வெற்றிக்கு எளிய வழியாக இருந்தது. ஆனால் மாவட்டத்தில் எண்ணிக்கையில் மிகுந்திருந்த வன்னியர்கள், காங்கிரசு தங்களுக்கு உரிய இடங்களை ஒதுக்கவில்லை என்று குறைகூறினர்.

இந்நிலையில் 1949 இல் வன்னியகுல சத்திரிய சங்கம் காங்கிரசை எதிர்த்துத் தன் ஆதரவு பெற்றவர்களைக் களத்தில் நிறுத்தியது. மாவட்டக் கழகத்தின் 52 இடங்களில் 22 இடங்களை அவர்கள் வென்றனர். கழகத்தைக் கைப்பற்ற இது போதவில்லை. எனினும், சங்கம் கைகாட்டினால் வாக்குகள் ஒருங்கு திரளும் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியவந்தது.

1952 பொதுத் தேர்தல்

1951 இல் கடலூரைச் சேர்ந்த எசு. எசு. இராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை உருவாக்கினார். வட ஆர்க்காட்டில் மா. அ. மாணிக்கவேலு நாயகர் காமன்வீல் கட்சியைத் தொடங்கினார். ஒரே சமூகத்தின் ஆதரவை நம்பியிருந்த போதும் இரண்டும் தனித்தனிக் கட்சிகளாகவே தேர்தலைச் சந்தித்தன.

1949 இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் இத்தேர்தலில் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கைக்குச் சட்டமன்றத்தில் ஆதரவு தருவதாக எழுத்தில் உறுதிமொழி அளிக்கும் வேட்பாளர்களை ஆதரிப்பதாக அது அறிவித்தது. உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி வேட்பாளர்களுக்கு இந்த ஆதரவு கிடைத்தது.

இதில் இரு தரப்பின் கணக்கும் வேறுவேறாக இருந்தது. களத்தில் இறங்காமலே காங்கிரசின் வலிமையைக் குறைக்கவும், சட்டமன்றத்தில் தன் கொள்கைக்குக் குரல் ஏற்படுத்தவும் தி.மு.க. விரும்பியது. வேட்பாளர்களுக்கோ தேர்ந்த மேடைப் பேச்சாளர்களும், தம் சமூகத்துக்கு வெளியே இருந்து வரும் வாக்குகளும் தேவைப்பட்டன. உறுதிமொழித் தாள் இரு தரப்பையும் இணைத்ததே தவிர, நோக்கங்களை ஒன்றாக்கவில்லை.

சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன.

ஆதரவின் விலை

1952 ஏப்ரலில் இராசகோபாலாச்சாரி முதலமைச்சரானார். பெரும்பான்மை இல்லாத காங்கிரசுக்கு இச்சிறு கட்சிகளின் வாக்குகள் இன்றியமையாதவையாயின. மாணிக்கவேலு நாயகர் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவளித்தது. காங்கிரசு எதிர்ப்பைக் கூறி வாங்கிய வாக்குகள் காங்கிரசு ஆட்சி நிலைக்கவே உதவின. தி.மு.க.விடம் அளித்த உறுதிமொழி பயனற்றுப்போனது.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபோது இராமசாமி படையாட்சியார் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். இரு கட்சிகளும் கலைக்கப்பட்டு காங்கிரசுடன் இணைந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் உள்ளாட்சித் தேர்தலில் காட்டிய வலிமை இவ்வாறு அமைச்சர் பதவியாக மாறியது. இதனைக் கொள்கை மாற்றம் என்று குறை கூறியோர் உண்டு. புறக்கணிக்கப்பட்ட ஒரு சமூகம் ஆட்சியில் பங்குபெற இருந்த ஒரே வழி என்று வாதிட்டோரும் உண்டு.

அனைவரும் அவ்வழியில் செல்லவில்லை. 1952 இல் விக்கிரவாண்டியில் வென்ற ஏ. கோவிந்தசாமி காங்கிரசில் சேராமல் தி.மு.க.வுடன் நின்றார். உதயசூரியன் சின்னம் அவர் வழியாகவே தி.மு.க.வுக்கு வந்தது என அக்கட்சியின் வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. 1967 இல் அவர் அண்ணாதுரை அமைச்சரவையில் இடம்பெற்றார்.

இன்றைய உள்ளாட்சித் தேர்தல்கள்

1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி அமைந்த ஊராட்சிகளுக்கு 1996 இல் முதல் தேர்தல் நடந்தது. கிராமப்புற வாக்காளர் நான்கு வாக்குகளை அளிக்கிறார். ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்டக் குழு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் உண்டு. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்கு இல்லை.

சின்னம் இல்லாவிட்டாலும் இவ்விரு பதவிகளுக்கும் கட்சிகளின் ஆதரவு உண்டு. குடிநீர், தெருவிளக்கு, வேலை உறுதித் திட்டப் பணிகள் ஆகியவற்றின் வழியே ஊராட்சித் தலைவர் நாள்தோறும் மக்களைச் சந்திக்கிறார். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சாவடிப் பணிக்கு அவருடைய செல்வாக்கு கட்சிகளுக்குத் தேவைப்படுகிறது. ஒன்றியக் குழுத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால், அங்கு ஒவ்வொரு உறுப்பினரின் ஆதரவும் பேரத்துக்கு உரியதாகிறது.

2021 அக்டோபரில் விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. சில மாதங்களுக்கு முன் அ.தி.மு.க. கூட்டணியில் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்த பாட்டாளி மக்கள் கட்சி, இதில் தனித்துப் போட்டியிட்டது. நடிகர் விசய்யின் மக்கள் இயக்கத்தினர் அவருடைய படத்துடன் சுயேச்சைகளாக நின்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் வென்றதாக அவ்வியக்கம் அறிவித்தது. 2024 இல் தமிழக வெற்றிக் கழகம் தொடங்கப்பட்டு, அதன் முதல் மாநாடு விக்கிரவாண்டியை அடுத்த வி. சாலையில் நடைபெற்றது. 1949 இல் போலவே, இங்கும் உள்ளாட்சித் தேர்தல் கட்சி தொடங்குவதற்கு முந்தைய வலிமைச் சோதனையாக அமைந்தது.

நினைவுகூரல்

1993 இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது புதிய மாவட்டத்துக்கு விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று பெயரிடப்பட்டது. 1997 இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 2019 இல் அ.தி.மு.க. அரசு கடலூரில் இராமசாமி படையாட்சியாருக்கு மணிமண்டபம் திறந்தது. 2025 இல் தி.மு.க. அரசு விழுப்புரத்தில் ஏ. கோவிந்தசாமிக்கு நினைவரங்கம் திறந்தது. 1954 இல் பிரிந்து சென்ற இருவரில் யாரை முன்னிறுத்துவது என்பதிலும் கட்சிகளின் தேர்வு வெளிப்படுகிறது.